நகராத சைக்கிளில் நாற்பத்தைந்து நிமிடம்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நியூயார்க்கின் மாடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கில் ஆறு நாள் சைக்கிள் பந்தயம் நடப்பது வழக்கம். கூரைக்குக் கீழே அமைத்த தடத்தில் வீரர்கள் இரவு பகலாகச் சுற்றி வருவார்கள். பேண்டு வாத்தியக் குழு ஒன்று விட்டுவிட்டு வாசிக்கும். லெனார்ட் ஏர்ஸ் என்ற அமெரிக்கப் புள்ளியியலாளர் அந்தச் சுற்றுகளின் நேரத்தைக் குறித்துவைத்து, 1911-இல் கணக்கை வெளியிட்டார். வாத்தியம் ஒலித்தபோது வீரர்களின் சராசரி வேகம் மணிக்குச் சுமார் 31.5 கிலோமீட்டர், ஓய்ந்திருந்தபோது 28.8 கிலோமீட்டர்.

அதற்கும் முன்பு, 1898-இல், இண்டியானா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நார்மன் டிரிப்லெட் சைக்கிள் பந்தயப் பதிவேடுகளைப் புரட்டிக்கொண்டிருந்தார். கடிகாரத்தை மட்டும் எதிர்த்துத் தனியாக ஓட்டியவர்களைவிட, முன்னால் வழிகாட்டி ஒருவரோ பக்கத்தில் போட்டியாளர் ஒருவரோ இருந்தவர்கள் வேகமாக ஓட்டியிருந்தார்கள். முன்னால் செல்பவர் காற்றைத் தடுத்துக்கொடுப்பது இதற்கு ஒரு காரணம் என்பது டிரிப்லெட்டுக்குத் தெரியும். காற்றுக்கு வேலையே இல்லாத ஒரு சோதனையைச் செய்து பார்த்தார். தூண்டில் சுருளைச் சுற்றும் வேலையைச் சிறுவர் சிறுமியரிடம் கொடுத்து, தனியாகவும் இருவர் இருவராகவும் சுற்றச் சொன்னார். பலர் துணையோடு சுற்றும்போது வேகமாகச் சுற்றினார்கள். சமூக உளவியலின் ஆரம்பகாலச் சோதனைகளில் ஒன்றாக இது இன்றும் பாடநூல்களில் இருக்கிறது.

இசை, பக்கத்தில் இன்னொருவர். இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு காற்று, மேடு பள்ளம், போக்குவரத்து, விழாமல் சமாளிக்கும் கவனம் எல்லாவற்றையும் விலக்கிவிட்டால் கிடைப்பதுதான் இன்று உடற்பயிற்சிக் கூடங்களில் நடக்கும் குழு சைக்கிள் வகுப்பு. இருபது பேர், இருபது நகராத சைக்கிள்கள், விளக்கை மங்கலாக்கிய அறை, ஒலிபெருக்கி, முன்னால் ஒரு பயிற்றுநர். வீட்டில் அதே சைக்கிளில் பத்து நிமிடம் தாங்காதவர் இங்கே முக்கால் மணி நேரம் மிதிக்கிறார். எப்படி என்று தெரிந்துகொண்டால் இந்த வகுப்பின் பலனும் புரியும், ஆபத்தும் புரியும். இரண்டும் பிறப்பது ஒரே இடத்தில்.

ஆய்வுக்கூடத்திலிருந்து வந்த வண்டி

நகராத சைக்கிள் முதலில் அறிவியல் கருவியாகத்தான் பெயர் பெற்றது. டென்மார்க்கின் உடலியல் அறிஞர் ஆகுஸ்ட் க்ரோக் 1913-இல் மின்காந்தத் தடுப்பு கொண்ட ஒரு சைக்கிளை வடிவமைத்தார். மனித உடல் எவ்வளவு வேலை செய்கிறது, அதற்கு எவ்வளவு ஆக்சிஜனைச் செலவிடுகிறது என்பதைத் துல்லியமாக அளப்பது அவர் நோக்கம். தசைகளின் நுண்குழாய்கள் குறித்த ஆய்வுக்காக 1920-இல் அவர் நோபல் பரிசு பெற்றார்.

இந்த வண்டியைக் குழுப் பயிற்சியாக மாற்றியவர் தென்னாப்பிரிக்காவில் பிறந்து கலிஃபோர்னியாவில் குடியேறிய ஜானி கோல்ட்பெர்க். ‘ஜானி ஜி’ என்றால்தான் தெரியும். அமெரிக்காவை மேற்கிலிருந்து கிழக்காகக் கடக்கும் நெடுந்தூரப் பந்தயத்துக்குத் தயாராகிக்கொண்டிருந்தவர், இரவுச் சாலையின் ஆபத்தைத் தவிர்க்க வீட்டிலேயே ஒரு சைக்கிளை உருவாக்கிக்கொண்டார். நண்பர்கள் சேர்ந்தார்கள், இசை சேர்ந்தது, 1980-களின் இறுதியில் அது வகுப்பாயிற்று. ‘ஸ்பின்னிங்’ என்று நாம் பொதுவாகச் சொல்வது அவர் தொடங்கிய நிறுவனத்தின் பதிவு பெற்ற வணிகப் பெயர். 2006-இல் நியூயார்க்கில் தொடங்கிய சோல்சைக்கிள் மங்கலான ஒளியையும் மெழுகுவத்தியையும் உள்ளே கொண்டுவந்தது. 2012-இல் தோன்றிய பெலோட்டன், வகுப்பைத் திரை வழியே வீட்டுக்கே அனுப்பியது. சென்னை, கோவை உடற்பயிற்சிக் கூடங்களிலும் இந்த வகுப்பு இப்போது பழகிய ஒன்று.

சக்கரமும் திருகும்

வண்டியின் இதயம் முன்புறம் இருக்கும் கனமான சக்கரம், ஃப்ளைவீல். பெரும்பாலும் 13 முதல் 20 கிலோ எடை இருக்கும். குயவர் ஒரு தள்ளு தள்ளிவிட்டால் அவருடைய சக்கரம் தானாகச் சுற்றிக்கொண்டிருப்பதுபோல, காலின் ஒவ்வொரு மிதியும் கொடுக்கும் ஆற்றலை இது தனக்குள் சேர்த்துவைத்துக்கொள்கிறது. மிதி மேலேயும் கீழேயும் வரும் நிலைகளில் கால் தரும் விசை குறைந்துபோகும். அந்த இடங்களைச் சக்கரம் தன் வேகத்தால் கடந்துகொடுப்பதால்தான் மிதிப்பது வழுவழுப்பாக இருக்கிறது.

பல வகுப்பு சைக்கிள்களில் இந்தச் சக்கரமும் மிதியும் நிரந்தரமாகப் பிணைக்கப்பட்டிருக்கும். சாலை சைக்கிளில் மிதிப்பதை நிறுத்தினால் சக்கரம் மட்டும் உருளும். இங்கே சக்கரம் சுற்றும்வரை மிதியும் சுற்றும், காலையும் சேர்த்து இழுக்கும். வேகமாகச் சுற்றும்போது திடீரென்று காலை நிறுத்த முயன்றால் முழங்கால் அந்த அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும். தடையைக் கூட்டிக் குறைக்கும் திருகை அழுத்திச் சக்கரத்தை நிறுத்துவதே முறை. முதல் வகுப்பில் முதலில் கற்றுத்தர வேண்டியது இதைத்தான்.

கைப்பிடிக்குக் கீழே இருக்கும் அந்தத் திருகுதான் வண்டியின் மேடு பள்ளம் எல்லாம். வலப்புறம் திருப்பினால் தடை கூடும். பழைய வகை வண்டிகளில் கம்பளிப் பட்டையோ தோல் பட்டையோ சக்கரத்தின் விளிம்பை உரசும். புதியவற்றில் உரசல் கிடையாது; காந்தங்கள் சக்கரத்தை நெருங்கி வரும். சுழலும் உலோகத்தில் காந்தப்புலம் மாறுவதால் அதற்குள் சுழல் மின்னோட்டங்கள் பிறக்கின்றன. அவை உண்டாக்கும் காந்தப்புலம் சுழற்சியை எதிர்க்கிறது. நாம் கொடுத்த ஆற்றல் உலோகத்தில் வெப்பமாகிப் போகிறது.

இரண்டு முறைகளுக்கும் ஒரு முக்கியமான வேறுபாடு உண்டு. உராய்வுத் தடை, வேகம் கூடினாலும் ஏறக்குறைய அதே அளவில் இருக்கும். மிதிக்கும் வேகத்தை இரண்டு மடங்காக்கினால் உங்கள் கால் தரும் திறனும் இரண்டு மடங்காகும். காந்தத் தடை வேகத்தோடு தானும் கூடும். அங்கே வேகம் இரு மடங்கானால் தேவைப்படும் திறன் நான்கு மடங்குவரை போகலாம். ‘இன்னும் ஒரு சுற்றுத் திருப்புங்கள்’ என்று பயிற்றுநர் சொல்லும்போது அறையிலுள்ள இருபது பேரும் ஒரே அளவு வேலையைக் கூட்டுவதில்லை என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

திருகை முழுக்கத் தளர்த்திவிட்டு நிமிடத்துக்கு 120, 130 சுற்று என்று காலைச் சுழற்றுபவர்களைப் பார்க்கலாம். அங்கே கால் சக்கரத்தைச் சுழற்றவில்லை, சக்கரம்தான் காலைச் சுழற்றுகிறது. இடுப்பு இருக்கையில் துள்ளும். மூட்டுக்குச் சேதம் மிஞ்சும். சமதளத்துக்கு 80 முதல் 110 சுற்று, ஏற்றத்துக்கு 60 முதல் 80 சுற்று என்ற வரம்பை இந்தப் பயிற்சிமுறை வகுத்துவைத்திருப்பதற்குக் காரணம் இதுதான். மெதுவாகவும் கனமாகவும் மிதித்தால் பாரம் தசைமேல் விழும், வேகமாகச் சுருங்கும் தசை இழைகள் சீக்கிரம் களைக்கும். இலேசாகவும் வேகமாகவும் மிதித்தால் பாரம் இதயத்துக்கும் நுரையீரலுக்கும் நகரும்.

கலோரிக் கணக்கு

வாட் அளவு காட்டும் வண்டியில் கலோரிக் கணக்கு மிக எளிது. மிதிக்கும்போது உடல் செலவிடும் ஆற்றலில் ஏறக்குறைய 20 முதல் 25 விழுக்காடுதான் சக்கரத்துக்குப் போகிறது; மீதி வெப்பம். ஒரு கிலோ கலோரி (பேச்சில் வெறும் ‘கலோரி’) என்பது 4.18 கிலோ ஜூல். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், மிதியில் செய்த வேலையின் கிலோ ஜூல் எண்ணும் உடல் எரித்த கலோரி எண்ணும் கிட்டத்தட்டச் சமமாகிவிடும். சராசரியாக 150 வாட் திறனில் 45 நிமிடம் மிதித்தால் 405 கிலோ ஜூல் வேலை. உடல் எரிப்பது 400 முதல் 480 கலோரி. பழக்கமில்லாதவர் 80 வாட்டில் மிதித்தால் இதில் பாதியளவுதான். வாட்டை அளக்காமலே ‘ஒரே வகுப்பில் 800 கலோரி’ என்று எழுதிவைக்கும் விளம்பரப் பலகைகளை இந்தக் கணக்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு முழு வகுப்புக்கு 800 கலோரி எரிக்க 250 வாட்டுக்கு மேல் விடாமல் மிதிக்க வேண்டும். அது நன்றாகப் பயிற்சி பெற்றவர்களின் வேலை.

ஆனால் இந்த வகுப்பின் பெரிய பலன் கலோரியில் இல்லை. ஏற்றமும் இறக்கமுமாக மாறி மாறி மிதிப்பதால் இதயம் ஒரு துடிப்பில் அனுப்பும் இரத்தத்தின் அளவு கூடுகிறது. சில நாட்களிலேயே இரத்த நீர்மத்தின் அளவு உயர்கிறது. சில வாரங்களில் தசை செல்களுக்குள் மைட்டோகாண்ட்ரியா பெருகுகின்றன, நுண்குழாய்கள் கூடுகின்றன. வாரத்துக்கு மிதமான உழைப்பு 150 முதல் 300 நிமிடம், அல்லது கடுமையான உழைப்பு 75 முதல் 150 நிமிடம் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-இல் பரிந்துரைத்தது. வாரத்துக்கு இரண்டு மூன்று வகுப்புகளில் இது நிறைவேறிவிடும்.

பயிற்றுநர்கள் ‘டபாட்டா’ என்று அறிவிக்கும் பகுதியும் ஒரு சைக்கிள் சோதனையில்தான் பிறந்தது. ஜப்பானின் இசுமி டபாட்டா 1996-இல் வெளியிட்ட ஆய்வில், 20 விநாடி உச்சத்துக்கும் மேலான உழைப்பு, 10 விநாடி ஓய்வு, இப்படி ஏழெட்டு முறை. ஆறு வாரத்தில் ஆக்சிஜன் உள்வாங்கும் திறனும், ஆக்சிஜன் போதாத நிலையில் உழைக்கும் திறனும் சேர்ந்தே உயர்ந்தன. அந்த 20 விநாடி உழைப்பு, உடல் ஆக்சிஜனைக் கொண்டு தாங்கக்கூடிய உச்சத்தைப்போல 1.7 மடங்கு. எட்டாவது சுற்றுக்குப் பின் யாராலும் மிதிக்க முடியாது. வகுப்பில் அதே பெயரில் நான்கு தொகுதி செய்ய முடிகிறதென்றால், அது வேறொரு, மென்மையான பயிற்சி. அதனால் தவறில்லை, பெயரைப் பார்த்து மலைக்கவும் வேண்டாம்.

இன்னொரு நன்மை மூட்டுகளுக்கு. ஓடும்போது ஒவ்வோர் அடியிலும் உடல் எடையைப்போல இரண்டு மூன்று மடங்கு விசை காலில் மோதுகிறது. மிதிக்கும்போது அந்த மோதல் கிடையாது. முழங்கால் தேய்மானம் உள்ளவர்களுக்கும் உடல் எடை கூடியவர்களுக்கும் இது பெரிய வரம். அதே காரணத்தால் எலும்புக்கு இதில் வேலை குறைவு. எலும்பு வலுப்பெற எடை தாங்க வேண்டும், அதிர்வு வேண்டும். சைக்கிளை மட்டும் நம்பாமல், வாரத்துக்கு இரண்டு நாள் எடைப் பயிற்சியும் சேர்த்துக்கொள்வது நல்லது.

அறைக்குள் ஓர் அடுப்பு

150 வாட்டில் மிதிப்பவரின் உடல் மொத்தம் ஏறக்குறைய 680 வாட் ஆற்றலைச் செலவிடுகிறது. சக்கரத்துக்குப் போன 150 வாட்டும் தடுப்பில் வெப்பமாகி அதே அறைக்குத்தான் வருகிறது. இருபது பேர் என்றால் 13.6 கிலோவாட். ஒரு 1.5 டன் ஏசி வெளியேற்றும் வெப்பம் சுமார் 5.3 கிலோவாட். ஆட்களின் வெப்பத்தை மட்டும் வெளியேற்ற மூன்று ஏசி ஓட வேண்டும்.

சாலையில் மணிக்கு 25 கிலோமீட்டரில் போகிறவருக்கு அந்த வேகமே காற்றடித்துக் கொடுக்கும். நகராத வண்டியில் அது கிடையாது. உடலைச் சுற்றிச் சூடும் ஈரமுமான ஒரு காற்றுப் படலம் தேங்கி நிற்கும். ஒரு லிட்டர் வியர்வை ஆவியானால் 2,400 கிலோ ஜூல் வெப்பத்தை எடுத்துச்செல்லும். தரையில் சொட்டும் வியர்வை எதையும் எடுத்துச்செல்வதில்லை. வண்டிக்குக் கீழே குளம் கட்டியிருக்கிறது என்றால், கொழுப்பு கரைந்ததாக அர்த்தம் இல்லை. உடல் குளிர முடியாமல் திணறியது என்றுதான் அர்த்தம். நீர் குறையக் குறைய, தோலுக்கும் தசைக்கும் சேர்த்து இரத்தம் அனுப்ப இதயம் இன்னும் வேகமாகத் துடிக்கும். அதே வாட்டில் மிதித்தாலும் வகுப்பின் கடைசிக் கால் மணி நேரத்தில் துடிப்பு ஏறிக்கொண்டே போவது இதனால்தான். மின்விசிறி இங்கே சொகுசுப் பொருள் ஆகாது.

காற்றோட்டமும் அப்படித்தான். ஓய்வில் நிமிடத்துக்கு ஆறு முதல் எட்டு லிட்டர் காற்றை மூச்சிழுக்கிறோம். கடுமையாக மிதிக்கும்போது இது பத்து மடங்குக்கு மேல் போகும். சாதாரண ஸ்பிளிட் ஏசி உள்காற்றையே சுற்றவிட்டுக் குளிர்விக்கிறது, வெளிக்காற்றைக் கொண்டுவருவதில்லை. வெளிக்காற்று வரும் வழி தனியே இருக்கிறதா என்று கேட்க வேண்டும்.

பக்கத்தில் இன்னொருவர்

டிரிப்லெட் விட்ட இடத்திலிருந்து அறிவியல் வெகுதூரம் வந்திருக்கிறது. ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகப் படகு வீரர்களை எமா கோஹனும் சக ஆய்வாளர்களும் அறைக்குள் இருக்கும் துடுப்புப் பொறியில் 45 நிமிடம் பயிற்சி செய்ய வைத்தார்கள். ஒருமுறை தனியாக, ஒருமுறை குழுவாக ஒரே தாளத்தில். பயிற்சிக்கு முன்னும் பின்னும், கையில் இரத்த அழுத்தப் பட்டையை இறுக்கி எந்த அளவில் வலி தெரிகிறது என்று பார்த்தார்கள். இரண்டு விதத்திலும் அவர்கள் செய்த வேலை ஏறக்குறைய சமம். குழுவாகச் செய்த பிறகு வலி தாங்கும் எல்லை தெளிவாகக் கூடியிருந்தது. மூளை சுரக்கும் எண்டார்ஃபின்கள் சேர்ந்து அசைவதால் கூடுகின்றன என்பது 2010-இல் வெளியான அந்த ஆய்வு தந்த விளக்கம்.

2012-இல் அமெரிக்காவில் பிராண்டன் இர்வினும் டெபோரா ஃபெல்ட்ஸும் சைக்கிளிலேயே சோதித்தார்கள். கல்லூரிப் பெண்கள் சிலர் தனியாக மிதித்தார்கள். மற்றவர்களுக்குத் திரையில் ஒரு துணை. அவர் உங்களைவிடச் சற்றுத் திறமையானவர் என்று சொல்லப்பட்டது. துணையோடு மிதித்தவர்கள் ஏறத்தாழ இரண்டு மடங்கு நேரம் தாக்குப்பிடித்தார்கள். குழுவில் பின்தங்கியவர் கூடுதலாக உழைப்பதை 1920-களில் ஜெர்மனியின் ஓட்டோ கோலர் பெர்லின் படகுக் கழகத்தினரிடம் கண்டிருந்தார். இது அதன் தொடர்ச்சி.

இசையும் இதே பாதையில் வேலை செய்கிறது. மிதமான உழைப்பில் இசை கவனத்தை ஈர்த்துக்கொள்வதால் சிரமம் குறைவாகத் தெரிகிறது. தாளத்தோடு கால் ஒட்டிக்கொள்கிறது. உழைப்பு உச்சத்தை நெருங்கும்போது உடலின் கூக்குரல் இசையை மீறிவிடும். அப்போதும் மனநிலையை இசை தாங்கிப் பிடிக்கும், சிரமத்தை மறைக்க அதனால் முடியாது.

இந்த ஆய்வுகளையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் ஒன்று தெளிவாகிறது. களைப்பு என்பது தசை அனுப்பும் செய்தியும் மூளை அதற்குக் கொடுக்கும் பொருளும் சேர்ந்தது. பக்கத்தில் ஆள் இருப்பதும் பாட்டும் அந்த நேரத்தில் தசையை மாற்றுவதில்லை. செய்தியின் ஒலியைக் குறைக்கின்றன. அதனால்தான் தனியாக நிறுத்தியிருக்கும் இடத்தைத் தாண்டிப் போகிறோம். பலன் அங்கே இருக்கிறது. ஆபத்தும் அங்கேதான்.

காதில் விழாத எச்சரிக்கை

ராப்டோமயோலைசிஸ் என்பது தசை செல்கள் உடைந்து உள்ளிருப்பது இரத்தத்தில் கலக்கும் நிலை. பழக்கமில்லாத தசை அளவுக்கு மீறி உழைக்கும்போது செல்லுக்குள் ஆற்றல் தீர்ந்து, கால்சியம் கட்டுப்பாடின்றி நிரம்பி, செல்லைச் சிதைக்கிறது. வெளிவரும் மயோகுளோபின் என்ற புரதம் சிறுநீரகத்தின் நுண்குழல்களை அடைத்துச் சேதப்படுத்தும். சைக்கிள் வகுப்புக்குப் பின் இந்த நிலையில் மருத்துவமனைக்கு வந்தவர்களைப் பற்றி அமெரிக்க மருத்துவர்கள் 2017-இல் ஒரு மருத்துவ இதழில் எழுதி எச்சரித்தார்கள். பதிவான நோயாளிகளில் பெரும்பாலோர் முதல் வகுப்புக்குப் போனவர்கள். இளைஞர்களும் நலமானவர்களும் இதில் உண்டு. வேறு பயிற்சிகளால் இதயமும் நுரையீரலும் வலுவாக இருப்பவரை மூச்சு தடுத்து நிறுத்தாது. தொடைத் தசைக்கு மட்டும் இந்த வேலை புதிது.

அறிகுறிகள் ஒன்று முதல் மூன்று நாளில் தெரியும். வழக்கமான உடல்வலியைவிடக் கடுமையான தொடை வலி, வீக்கம், படி ஏற முடியாத பலவீனம், தேநீர் நிறத்தில் சிறுநீர். இவை தெரிந்தால் வலி மாத்திரை போட்டுக்கொண்டு படுக்கக் கூடாது. சில வலி மாத்திரைகள் சிறுநீரகத்துக்கு மேலும் கேடு. அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். நேரத்தோடு போனால் இரத்த நாளம் வழியே திரவம் ஏற்றியே பெரும்பாலானோரைக் குணப்படுத்திவிடுகிறார்கள்.

ஒலியும் கவனிக்கப்படாத ஆபத்து. 85 டெசிபலில் எட்டு மணி நேரம் வேலை செய்யலாம், ஒவ்வொரு மூன்று டெசிபல் கூடும்போதும் நேரத்தைப் பாதியாக்க வேண்டும் என்பது அமெரிக்கத் தொழில்நலக் கழகத்தின் பரிந்துரை. அந்தக் கணக்கில் 100 டெசிபலுக்குக் கிடைப்பது 15 நிமிடம். வகுப்போ 45 நிமிடம். வாரம் இரண்டு முறை வருபவரைவிட, ஒரு நாளில் மூன்று நான்கு வகுப்பு எடுக்கும் பயிற்றுநரின் காதுக்குத்தான் அதிகக் கேடு.

அளவுகோல் எது?

இதயத்துடிப்பைப் பார்த்து மிதிப்பவர்கள் 220-இலிருந்து வயதைக் கழித்து உச்சத் துடிப்பைக் கணக்கிடுகிறார்கள். இது கூட்டத்தின் சராசரி. தனி மனிதருக்குப் பத்துப் பன்னிரண்டு துடிப்பு முன்பின் இருப்பது சாதாரணம். ஸ்வீடனின் குன்னார் போர்க் சிரமத்தை 6 முதல் 20 வரையான எண்ணாகச் சொல்லும் அளவுகோலைத் தந்தார். சொல்லும் எண்ணைப் பத்தால் பெருக்கினால் ஏறக்குறைய இதயத்துடிப்பு வரும். இன்னும் எளிதான சோதனை பேச்சு. முழு வாக்கியம் பேச முடிந்து பாட முடியாமல் போனால் மிதமான உழைப்பு. இரண்டு மூன்று சொல்லுக்கு மேல் வரவில்லை என்றால் கடும் உழைப்பு.

முதல் வகுப்புக்குப் போகிறவர் பத்து நிமிடம் முன்னதாகப் போய் இருக்கையைச் சரிசெய்துகொள்ள வேண்டும். பக்கத்தில் நின்றால் இருக்கை இடுப்பெலும்பின் உயரத்தில் இருக்க வேண்டும். மிதி கீழே வரும்போது முழங்கால் சற்றே, 25 முதல் 35 டிகிரி, மடங்கியிருக்க வேண்டும். முதல் இரண்டு மூன்று வகுப்புகளில் பேச முடிகிற அளவைத் தாண்டக் கூடாது, எழுந்து நின்று மிதிப்பதைத் தவிர்க்கலாம், பாதியில் இறங்கிக்கொள்ளவும் செய்யலாம். ஒரு வார இடைவெளிக்குள் தசை பழகத் தொடங்கிவிடும். இதய நோய், இரத்த அழுத்தம், சர்க்கரை நோய் உள்ளவர்கள் மருத்துவரிடம் கேட்டுவிட்டுத் தொடங்க வேண்டும். மார்வலியோ மயக்கமோ வந்தால் உடனே நிறுத்த வேண்டும்.

கூடம் நடத்துபவர்களின் பொறுப்பு இன்னும் பெரியது. புதியவர் யார் என்று வகுப்புக்கு முன் கேட்பது, ஒலியை அளந்து குறைப்பது, மின்விசிறியும் வெளிக்காற்றும் தருவது, ‘யாரும் நிறுத்தக் கூடாது’ என்ற முழக்கத்தைக் கைவிடுவது ஆகியவற்றுக்குப் பெரிய செலவு ஆகாது. தனியாக ஒருபோதும் தொடர்ந்து உடற்பயிற்சி செய்ய முடியாதவர்களைத் தொடர வைக்கும் சக்தி இந்த வகுப்புக்கு உண்டு. அந்தச் சக்தியை நம்பி வருகிறவரின் திருகை அவரே திருப்பிக்கொள்ளட்டும். பயிற்றுநர் எண்ணைச் சொல்லலாம், பாட்டு வேகத்தைச் சொல்லலாம். எவ்வளவு தடை என்பதை அந்தந்தக் காலின் தசைதான் சொல்ல வேண்டும்.